பழைய காரும் அதன் பிரேக் குழாய்களும்

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பழைய கார் ஒன்று குடும்பத்தின் உறுப்பினரைப் போலவே இருந்து வருகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும், தந்தையார் வாங்கிய அம்பாசடரையோ, முதற் சம்பாத்தியத்தில் வாங்கிய பிரீமியர் பத்மினியையோ, மாருதி 800-ஐயோ விற்க மனமின்றி வைத்திருப்போர் உளர். அம்பாசடரின் உற்பத்தியும் மாருதி 800-இன் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றன. பத்மினியின் உற்பத்தி அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே நின்றுவிட்டது. ஆகவே இவற்றுள் மிக இளைய வண்டியும் பத்து வயதைக் கடந்ததேயாகும்.

இத்தகைய வண்டியை வைத்திருப்போர் எஞ்சினைக் கவனிக்கின்றனர், டயரைக் கவனிக்கின்றனர், மேற்பூச்சு மங்கினால் வருந்துகின்றனர். ஆனால், சக்கரத்தின் பின்னே சேறு படிந்து தொங்கும் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாயை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே. வண்டி நிற்பதும் நில்லாததும் அக்குழாயைப் பொறுத்தது. அது கெடும் வகைகள் யாவை, அதைப் பார்த்தறிவது எவ்வாறு, மாற்றும்போது கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இங்கே விளக்க முற்படுவோம்.

அழுத்தம் செல்லும் வழி

நாம் பிரேக் மிதியை அழுத்தும்போது நமது காலின் விசை கம்பி வழியாகவோ சங்கிலி வழியாகவோ சக்கரத்துக்குச் செல்வதில்லை. திரவத்தின் வழியாகச் செல்கிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. மிதியுடன் இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் பிறக்கும் அழுத்தம், மெல்லிய உலோகக் குழாய்களின் வழியே ஓடி, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரை அடைந்து, பிரேக் ஷூக்களை விரித்துச் சக்கரத்தைப் பற்றுகிறது.

வண்டியின் உடற்பகுதி ஓரளவு அசையாதிருக்க, சக்கரங்களோ மேலும் கீழும் ஆடுகின்றன. முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பவும் செய்கின்றன. இவ்விரண்டையும் உலோகக் குழாயால் இணைத்தால் அது சில நாட்களிலேயே முறிந்துவிடும். ஆகையால் அந்த இடைவெளியில் மட்டும் வளையத்தக்க ரப்பர்க் குழாயை அமைத்தனர். அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் இத்தகைய குழாய்கள் பொதுவாக மூன்று: முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று. கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் இதனை 'பிரேக் ஹோஸ்' என்றோ 'ஹோஸ் பைப்' என்றோ வழங்குவர். வடக்கேயும் இதே பெயர்தான். ஆகவே மொழி தெரியாத ஊரிலும் கேட்டு வாங்குவதற்குத் தடையில்லை.

இக்குழாய் தாங்கும் சுமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். காலின் விசை 20 கிலோ என்று கொள்வோம். மிதியின் நெம்புகோல் அதனை ஐந்து மடங்காக்கினால் 100 கிலோ ஆகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு நான்கு சதுர சென்டிமீட்டர் என்றால், குழாயினுள் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் உண்டாகிறது. டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோவே. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்தில் நாம் மிதிக்கும் வேகத்தில் இவ்வழுத்தம் இன்னும் இரண்டு மூன்று மடங்கு உயரும். எனவே, நலிந்த குழாய் வெடிப்பதானால், பிரேக் மிக அவசியமாகும் அந்தக் கணத்திலேதான் பெரும்பாலும் வெடிக்கும்.

பழைய அமைப்பு வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் திரவம் செல்வது ஒரே சுற்றில். மூன்று குழாய்களுள் ஒன்று வெடித்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். பிற்கால வண்டிகளில் இரு தனிச் சுற்றுகள் அமைந்திருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓரளவு உதவும். நம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உரிமையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

குழாய் கெடும் வகைகள்

பிரேக் குழாய் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயைப் போன்றதன்று. உள்ளே திரவத்தைத் தாங்கும் ரப்பர்ச் சுவர். அதன்மேல் வலிமை தரும் நூற்பின்னல். அதற்கும் மேல் வெயிலையும் மழையையும் தடுக்கும் புற உறை. இம்மூன்றும் சேர்ந்ததே குழாய். உள்ளே திரவம் ஓடும் துளையின் விட்டம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான்.

வெளியே கெடுவது முதல் வகை. வெயிலாலும், எஞ்சின் வெப்பத்தாலும், காலத்தாலும் புற உறை வறண்டு வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே நீர் புகுந்து பின்னலை நலியச் செய்கிறது. பின்னல் நலிந்த இடத்தில், அழுத்தம் ஏறும்போது குழாய் குமிழ்போல் புடைக்கிறது. டயரிலோ சட்டத்திலோ உராய்ந்து தேய்வதும், நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் எலி கடிப்பதும் உண்டு.

உள்ளே கெடுவது இரண்டாம் வகை. இது மிகவும் வஞ்சகமானது. வெளித் தோற்றத்தில் குழாய் பழுதின்றி இருக்கும். உட்சுவரோ உப்பித் துளையை அடைத்திருக்கும், அல்லது உரிந்து நாக்குப் போலத் தொங்கும். நாம் மிதிக்கும்போது மிகுந்த அழுத்தம் உள்ளதால் திரவம் எப்படியோ வழி பிதுக்கிச் சென்றுவிடுகிறது. ஆனால் காலை எடுத்த பின் திரவத்தைத் திருப்பியனுப்புவது ஷூக்களை இழுக்கும் சுருள்வில்லின் சிறு விசை மட்டுமே. அவ்விசைக்கு அந்த அடைப்பு வழிவிடுவதில்லை. ஆகவே சக்கரம் பிடித்த பிடியிலேயே நிற்கிறது, டிரம் சூடேறுகிறது, பெட்ரோல் வீணாகிறது, லைனிங் கருகுகிறது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. இடப்பக்க முன் குழாய் அடைபட்டிருந்தால், மிதித்தவுடன் இடச் சக்கரம் தாமதித்தே பற்றுவதால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பின் இடச் சக்கரம் விடாதிருப்பதால் இடப்பக்கம் இழுக்கும். இவ்வாறு மிதிக்கையில் ஒரு பக்கமும் விடுகையில் மறுபக்கமும் வண்டி இழுக்குமாயின், குழாயை முதலில் ஐயுறுதல் தகும்.

பார்த்தறியும் முறை

குழாய்களைப் பார்வையிடுவதற்கு மெக்கானிக் வேண்டுவதில்லை. ஒரு டார்ச்சு விளக்கும், பழந்துணியும், துணைக்கு ஒருவரும், அரை மணி நேரமும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டியின் அடியில் தலை நீட்டலாகாது. உறுதியான தாங்கி வைத்த பின்னரே அருகில் செல்ல வேண்டும்.

குழாயை நீர் நனைத்த துணியால் துடைக்கலாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படலாகாது. அவை ரப்பரைக் கெடுக்கும். துடைத்த பின் குழாயை மெதுவாக வளைத்துப் பார்த்தால், நேராக இருக்கையில் மறைந்திருந்த வெடிப்புகள் வாய் திறக்கும். இரு முனைகளிலும் உலோகப் பூண் பற்றும் இடங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பின்னர் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, குழாய் டயரில் உராய்கிறதா, முறுக்கிக்கொள்கிறதா என்று காண வேண்டும்.

அடுத்து, துணைவர் மிதியை நன்றாக அழுத்திப் பிடித்திருக்க, நாம் குழாயின் மேல் விரல் ஓட்டிப் பார்ப்போம். எங்கேனும் புடைத்தால் அக்குழாயின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். ஈரம் தென்பட்டால் அது எஞ்சின் எண்ணெயா பிரேக் திரவமா என்னும் ஐயம் எழும். எண்ணெய் நீரில் கலவாது. பிரேக் திரவம் நீரில் கரைந்து கழுவுண்டு போகும். இச்சிறு சோதனை ஐயத்தைத் தீர்க்கும்.

உள்ளடைப்பை அறிய வேறு வழி உண்டு. சக்கரத்தை உயர்த்தி, கையால் சுழற்றி, மிதியை மிதித்து விடச் செய்து, மீண்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும். சக்கரம் இறுகியே இருந்தால், சக்கரத்தின் பின்னுள்ள காற்றெடுக்கும் திருகைச் சிறிது தளர்த்த வேண்டும். அப்போதும் விடாவிட்டால் குற்றம் ஷூவிலோ சிலிண்டரிலோ இருக்கலாம். திரவம் பீறிட்டுச் சக்கரம் விடுபடுமானால் அடைப்பு மேலே இருக்கிறது என்பது பொருள். அடுத்த முறை சக்கரம் இறுகியிருக்கும்போது, உலோகக் குழாய் ரப்பர்க் குழாயுடன் சேரும் இணைப்பைத் தளர்த்திப் பார்த்தால், அங்கும் சக்கரம் விடவில்லையெனில் அடைப்பு ரப்பர்க் குழாயினுள்ளேயே இருக்கிறது.

முன் குழாய்களைப் பார்ப்பவரும் பின் அச்சின் குழாயை மறந்துவிடுவது வழக்கம். அது அடியில் மறைந்திருப்பதே காரணம். மறைந்திருப்பது நெடுநாள் மாற்றப்படாதிருக்கும் என்பதை நினைவிற்கொண்டு அதனையே முதலில் பார்த்தல் நன்று.

வாங்கும்போது

குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்குச் சான்று இல்லாத பழைய வண்டியில், தோற்றம் நன்றாயிருப்பினும் எல்லாக் குழாய்களையும் ஒருங்கே மாற்றிவிடுவதே அறிவுடைமை. ஒன்று கெட்டால் அதே வயதுடைய மற்றவையும் கெடும் நிலையிலேயே இருக்கும். வண்டியின் மதிப்பை நோக்க இச்செலவு சிறிதேயாகும்.

தில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உற்பத்தி நின்ற வண்டியின் குழாய் கடையின் அலமாரியில் பல்லாண்டு உறங்கியிருக்கலாம். பெட்டியும் தாளும் புதியனவாயினும், ரப்பர் முதுமையடைவது வண்டியில் பொருத்திய நாள் முதலாக அன்று. அது செய்யப்பட்ட நாள் முதலாக. ஆகவே செய்த தேதி பொறித்த குழாயையே கேட்டு வாங்குக. பழைய வண்டியிலிருந்து கழற்றிய குழாயை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குதல் கூடாது.

மரையின் அளவையும் கவனித்தல் வேண்டும். அம்பாசடர் ஆங்கிலேய மாரிஸ் வண்டியின் வழிவந்தது. அதன் மரை அங்குல அளவில் அமைந்தது. பத்மினி இத்தாலிய பியட் வண்டியின் வழிவந்தது. அதன் மரை மில்லிமீட்டர் அளவில் அமைந்தது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றுள் ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் இரண்டு சுற்றுப் பிடித்ததுபோல் இருந்து, அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். பழைய குழாயைக் கையோடு எடுத்துச் சென்று, நீளம், முனை, மரை மூன்றையும் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

மாற்றும் முறை

குழாயை மாற்றுவது பயின்ற கையின் வேலை. எனினும், அவ்வேலையின் ஒழுங்கை நாம் அறிந்திருந்தால் அருகில் நின்று மேற்பார்வை செய்யலாம்.

துருப்பிடித்த இணைப்புகளில் முதல்நாளே துரு இளக்கும் எண்ணெயை இட்டு வைப்பது நன்று. கழற்றும்போது முதலில் உலோகக் குழாயின் நட்டையே தளர்த்த வேண்டும். அப்போது ரப்பர்க் குழாயின் அறுகோண முனையை ஒரு ஸ்பானர் அசையாது பிடித்திருக்க, மற்றொரு ஸ்பானர் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பானரால் திருப்பினால் உலோகக் குழாய் முறுக்கி உடைந்துவிடும். அடுத்துச் சட்டத்தில் குழாயைப் பிடித்திருக்கும் நட்டையோ பிடிப்பையோ கழற்றி, இறுதியாகச் சக்கரத்தின் பக்கமுள்ள முனையைக் குழாயோடு சேர்த்துச் சுழற்றிக் கழற்ற வேண்டும். திரவம் வழியாதிருக்க ரப்பர்க் குழாயைக் குறட்டால் நெரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மாற்றாது விடவிருக்கும் நல்ல குழாயை இவ்வாறு நெரித்தால், அன்றே அதன் உட்சுவரில் நோய் தொடங்கிவிடும்.

பொருத்துவது இதற்கு நேர்மாறான வரிசையில் நடைபெறும். சக்கரத்தின் பக்க முனையைப் புதிய செம்பு வாஷருடன் முதலில் இறுக்கி, பிறகு சட்டத்தில் முறுக்கின்றிப் பிடிப்பித்து, உலோகக் குழாயின் நட்டைக் கைவிரலால் சில சுற்று ஏற்றிய பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும். பழைய வாஷரையே மீண்டும் போடுவது சில்லறையை மிச்சப்படுத்திக் கசிவை விலைக்கு வாங்குவதாகும். முடிந்த பின் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும், தரையில் இறக்கியும், குழாய் எந்நிலையிலும் இழுபடாமலும் உராயாமலும் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காற்றை வெளியேற்றுதல்

குழாயைக் கழற்றும்போது உள்ளே காற்று புகுந்திருக்கும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே காற்று எஞ்சியிருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்குமேயன்றிப் பிரேக் பிடிக்காது. காற்றெடுக்கும் திருகில் நிறமற்ற சிறு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள கண்ணாடிக் குப்பியில் அமிழ்த்த வேண்டும். துணைவர் மிதியை அழுத்தும்போது திருகைத் திறந்து, மிதி அடியைத் தொட்டதும் திருகை மூடி, அதன் பின்னரே காலை எடுக்கச் செய்ய வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது வழக்கம். இடையே மேல்தொட்டியில் திரவம் வற்ற விடலாகாது. வெளிவந்த திரவத்தை மீண்டும் ஊற்றுவதும் கூடாது.

திரவத்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். எல்லா மாநிலங்களிலும் இதனைப் 'பிரேக் ஆயில்' என்றே அழைக்கின்றனர். பெயர் ஆயிலாயினும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றினால், குழாய்களும் சிலிண்டர்களின் ரப்பர் உறுப்புகளும் உப்பிக் கெடும்; எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். மேலும் இத்திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. 'டாட் 3' என்று குறித்த திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அவ்வரம்பு 140 பாகையாகத் தாழ்கிறது. டேராடூனிலிருந்து முசௌரி சென்று திரும்புவோரும், கண்டாலா மலைச் சாலையில் இறங்குவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெடும் இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், ஆவியே காற்றுக் குமிழியாகி மிதி தரையைத் தொடும். ஈராண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதும், முன்னரே திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றாதிருப்பதும் இதற்கு மருந்து.

வேலை முடிந்ததும் வண்டியை நேரே பெருஞ்சாலைக்குக் கொண்டு செல்லலாகாது. மிதியை ஒரு நிமிடம் வலிந்து அழுத்திப் பிடித்து எல்லா இணைப்புகளிலும் ஈரமின்மையைக் காண வேண்டும். பின்னர் ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். சில நாள் சென்ற பின் இன்னுமொரு முறை பார்வையிட வேண்டும்.

அபாயம் நேர்ந்தால்

முன்னெச்சரிக்கையெல்லாம் கடந்து, ஓடும் வண்டியில் மிதி தரைக்குச் சென்றுவிட்டால் செய்யத்தக்கவை மூன்று. மிதியை விரைந்து பலமுறை மிதித்தால் சிறிதளவேனும் அழுத்தம் பிறக்கக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கைப்பிரேக்கு திரவத்தை நம்பியதன்று. கம்பியால் பின் சக்கரங்களைப் பற்றுவது. ஆகவே அதனைச் சிறிது சிறிதாக இழுத்து உதவி பெறலாம். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும். கைப்பிரேக்கை நல்ல நிலையில் வைத்திருப்பது எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். பழைய வண்டிகளைப் பற்றிய கட்டுப்பாடுகள் இடத்துக்கு இடம் வேறுபடுதலால், அவரவர் வாழும் ஊரின் போக்குவரத்து அலுவலகத்தில் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால், அதிகாரி தகுதிச் சான்று அளித்த நாளில் நன்றாயிருந்த குழாய், ஐந்து ஆண்டுகளும் நன்றாயிருக்கும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை.

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னரும், மாதக் கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த பின்னரும், இக்குழாய்களைப் பார்வையிடுவதை வழக்கமாகக் கொள்ளலாம். மாற்றிய தேதியையும், அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர் கணக்கையும் ஒரு சிறு ஏட்டில் குறித்து வண்டியிலேயே வைத்தால், நாளை அவ்வண்டியை ஓட்டப்போகும் மகனுக்கோ மகளுக்கோ அது உதவும்.